தட்டான் பறக்கிறதே, அப்புறம் என்ன?

இந்தப் புரட்டாசிக் கடைசியில் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். கொசஸ்தலை ஆற்றின் இரு கரையையும் ஜேசிபி விட்டு வழித்துவிட வேண்டும், அப்போதுதான் வெள்ளம் அடங்கும், ஊரும் லட்சணமாக இருக்கும் என்றார் ஒரு நண்பர். நாணலும் நொச்சியும் போனால் அதை நம்பியிருக்கும் பூச்சி பொட்டெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். சிரித்தபடி மேலே கையைக் காட்டினார். "பாருங்க சார், எவ்வளவு தட்டான்! செடி கொடி இல்லாத இடத்துலதான் கூட்டமா பறக்குது. அப்புறம் என்ன?"

அங்கே பதில் சொல்ல வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். வருகைப் பதிவேட்டில் பத்துக் கையெழுத்து இருந்தால் மேலதிகாரிக்குத் திருப்தி. வேலை தெரிந்த நான்கு பேரை மாற்றிவிட்டுப் புதிதாக நான்கு பேரை உட்கார வைத்தாலும் கணக்கு பத்துதான். ஆனால் மறுநாள் கோப்பு நகராது. நண்பர் சொன்ன தட்டான் கணக்கும் இதே ரகம்.

சிறு வயதில் புதுச்சேரியில் தாத்தா வீட்டில் தங்கி, பிரெஞ்சு வழியில் படித்தேன். விடுமுறைக்கு இங்கே வந்தால் ஆற்றங்கரைதான் கதி. நாங்கள் தட்டான் என்போம், தெலுங்கு பேசும் பையன்கள் தூனீகா என்பார்கள். எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். புதுச்சேரி வாத்தியார்தான் பிரித்துச் சொன்னார். உட்காரும்போது இறக்கையை விரித்தே வைத்திருக்கும் தடித்த உடம்புக்காரன் லிபெல்யூல். இறக்கையை முதுகின்மேல் மடக்கி, குச்சிபோல் ஒட்டியிருப்பது தெமுவாஸெல், அதாவது கன்னிப்பெண். நம் ஊசித்தட்டான்தான் அது. அதிக தூரம் போகாது. கரைப் புல்லை விட்டுப் பிரியாது.

அந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. பெரிய தட்டான்களில் பலவும் வெயில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு பறப்பவை. வெட்டவெளி அவற்றுக்குச் சௌகரியம். ஊசித்தட்டானுக்கு உடம்பு சிறிது. சுற்றியுள்ள காற்றின் சூடே அதன் சூடு. நிழல் போனால் பல வகைகளுக்குத் தாக்குப்பிடிக்க முடியாது. தவிர, அது நீரோரச் செடியின் தண்டைக் கீறி அதற்குள் முட்டை வைக்கிறது. செடியை வழித்தால் பிரசவ அறையையே இடித்த மாதிரி. அமேசான் ஓடைகளில் ஆய்வு செய்தவர்கள் இதையே கண்டார்கள்: கரைக் காடு அழிந்த இடத்தில் ஊசித்தட்டான் வகைகள் குறைகின்றன, வெயில் விரும்பும் பெரியவை பெருகுகின்றன. மொத்தத்தை மட்டும் எண்ணுகிறவர் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எழுதுவார்.

இனி, நண்பர் கைகாட்டிய கூட்டம். மழைக்கு முன்னால் மைதானத்தில் பறக்கும் அந்த மஞ்சள் தட்டான் நாடோடி. மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று 2009-ல் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். தற்காலிக மழைக் குட்டையிலேயே இரண்டு மாதத்துக்குள் வளர்ந்து எழுந்துவிடும். அது நம் ஆற்றுக்கு நற்சான்று கொடுக்க வரவில்லை. கல்யாண விருந்தாளிகளை எண்ணி ரேஷன் கார்டு எழுதுவார்களா?

இது பொழுதுபோகாத கிழவனின் பூச்சி மோகம் என்று நினைக்காதீர்கள். தட்டானின் குஞ்சு மாதக்கணக்கில் தண்ணீருக்குள் இருந்து கொசுப்புழுவைத் தின்கிறது. தண்ணீர், சேறு, செடி, நிழல் நான்கும் சரியாக இருந்தால்தான் ஓர் ஆற்றில் பலவகைத் தட்டான் நிலைக்கும். கே.ஏ. சுப்பிரமணியன், சையத் அலி, டி.வி. ராமச்சந்திரா மூவரும் தென்மேற்குக் கர்நாடகத்தில் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரை, ஆற்றோர நலத்தைக் காட்டும் குறியாகவே தட்டான்களை எடுத்துக்கொண்டது. 2021-ல் உலக அளவில் 6,016 வகைகளைப் பரிசீலித்தபோது 16 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது.

"வெள்ளம் வந்தா உங்க தட்டானா சார் காப்பாத்தும்?" என்பார் நண்பர். நியாயமான கேள்விதான். 2021 நவம்பரில் கிருஷ்ணாபுரம் அணையிலிருந்து வந்த தண்ணீரில் தரைப்பாலங்கள் மூழ்கியதை நானும் பார்த்தேன். பாலத்தின் கண்களை அடைக்கும் குப்பையையும் கட்டட இடிபாட்டையும் எடுங்கள். நட்டாற்றில் மண்டிய சீமைக் கருவேலத்தையும் வேரோடு எடுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஓடைக் கரையில் மண்டிய அந்நிய மரங்களை அகற்றிய பிறகு, காணாமற்போன அவ்வூர்த் தட்டான்கள் திரும்பி வந்தன. ஆகவே எல்லாப் பச்சையும் புனிதம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருவேலத்தை எடுக்க வந்த இயந்திரம் நாணலையும் நொச்சியையும் புங்கனையும் சேர்த்து வாருவது என்ன நியாயம்? கரை மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர்கள்தானே? அவை போன கரையைத்தான் அடுத்த வெள்ளம் அரித்துக்கொண்டு போகும். அப்புறம் கான்கிரீட் சுவர் என்று ஒரு மதிப்பீடு தயாராகும். மதிப்பீடுகள் எப்படிப் பிறக்கும் என்பது இந்தக் குமாஸ்தாவுக்குத் தெரியும்.

கேட்பது அதிகமில்லை. இரு கரையையும் ஒரே வருஷத்தில் தொடாதீர்கள். ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கத்தை விடுங்கள். கோடையில் தண்ணீர் தங்கும் மடுக்களைச் சுற்றி உள்ள நாணலையும் கோரையையும் மட்டுமாவது விட்டுவையுங்கள். ஓட்டம் நின்ற ஆற்றில் குஞ்சுகள் பிழைத்திருப்பது அங்கேதான். கருவேலம் எடுத்த இடத்தில் புங்கனும் நாவலும் வையுங்கள்.

பள்ளிப்பட்டு அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை நடைப்பயிற்சிக்குப் போகும்போது அண்ணாந்து பார்க்காதீர்கள். கரையில் நின்று, நீரோரப் புல்லின் நுனியைப் பாருங்கள். குச்சிபோல ஒன்று ஒட்டியிருக்கிறதா? இருந்தால் ஆறு இன்னும் நம் ஆறுதான். இல்லையென்றால், தலைக்கு மேல் ஆயிரம் பறந்தாலும் அந்தப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.