உள்ளங்கைக்குள் ஒரு புதிர்



நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் யாழ் குடாநாட்டு வீடுகள் நிறைந்துவிடும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் பிறந்த பேரப்பிள்ளைகள் விறாந்தையில் இருக்கிறார்கள். கையில் நின்ரெண்டோ சுவிட்ச் என்ற விளையாட்டுக் கருவி. அவர்களுக்குத் தமிழ் தடக்குகிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்த்ததும், "இஞ்சாலை தள்ளு", "இல்லை, அதைத் திருப்பு" என்று பேச்சுத் தானாக வந்துவிடுகிறது.

"திருவிழா முடியுமட்டும் இதுதான் வேலை" என்று பெற்றோர் சலித்துக்கொள்வதும் காதில் விழுகிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் இந்த மாதம் புதிர் விளையாட்டுகளுக்காகப் பரிந்து பேச விரும்புகிறேன்.

1984இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் வேலை செய்த அலெக்சி பஜித்னோவ் டெட்ரிஸை உருவாக்கினார். நான்கு சதுரங்களை ஒட்டிக் கிடைக்கும் ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். இடைவெளி விடாமல் அடுக்கினால் வரிசை மறையும். விதி அவ்வளவுதான். 1989இல் நின்ரெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் போய் வந்தபோது, மரியோவைச் சேர்த்து விற்றால் சிறுவர்கள் வாங்குவார்கள், டெட்ரிஸைச் சேர்த்தால் எல்லாரும் வாங்குவார்கள் என்று வாதாடினார் கேம் வெளியீட்டாளர் ஹென்க் ரோஜர்ஸ். அமெரிக்காவில் அப்படியே விற்றார்கள். நிறமில்லை, திரைக்குள் வெளிச்சமில்லை, நான்கு பென்ரோச் பற்றரியில் ஓடும் பெட்டி. 1993இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ் அதை மிர் விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார்.

அதே ஆண்டுகளில் எங்களிடம் பற்றரியே இல்லை. 1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. வானொலிச் செய்தி கேட்கவே சைக்கிள் டைனமோவைச் சுற்றவேண்டியிருந்தது. கையடக்கக் கேம் எங்கே வாய்க்கும்? ஆனால் புதிரின் மீதான ஆசைக்கு எவராலும் தடை போட முடியவில்லை. ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து 304 என்ற கடதாசி ஆட்டம் விளையாடினார்கள். 32 கடதாசி, ஒவ்வொரு வகைக்கும் 76 புள்ளி, நாலு வகைக்கும் 304. கவிழ்த்து வைத்த துரும்பு எது என்று, விழுந்த கடதாசிகளை நினைவில் வைத்துக் கணிக்கும் மனதுக்கு, ஷெல் சத்தத்துக்குக் காது கொடுக்க அவ்வளவு நேரம் இருக்காது.

இதை ஆய்வாளர்களும் வேறொரு வழியில் கண்டிருக்கிறார்கள். ஒக்ஸ்ஃபோர்டில் வீதி விபத்துக்குப் பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. உளவியலாளர் எமிலி ஹோம்ஸ் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர். நடந்ததை ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவந்து, விபத்து நடந்த ஆறு மணி நேரத்துக்குள் கையடக்கக் கருவியில் டெட்ரிஸ் விளையாடியவர்களுக்கு, அடுத்த ஒரு வாரத்தில் விபத்துக் காட்சிகள் கேளாமலே மனதில் திரும்பி வருவது குறைந்திருந்தது. வடிவங்களைத் திருப்பிப் பொருத்தும் வேலை மனக்கண்ணை முழுதாகப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆறாத மனவடுவுக்கு முறையான உளநல உதவிதான் வேண்டும். ஆனால் புதிரை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கு முன் எங்கள் மண்ணில் உள்ளவர்கள் இதை ஒருகணம் யோசிக்கவேண்டும்.

புதிரின் கவர்ச்சி அதன் நேர்மையில் இருக்கிறது. 1982இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபனைப் பாருங்கள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. அவசரப்பட்டுத் தள்ளினால் அது மூலையில் சிக்கிக்கொள்ளும். விதி முதலிலேயே தெரியும், நடுவில் மாறாது. பிழைவிட்டால் ஒருவரும் ஏசமாட்டார்கள், மறுபடி தொடங்கலாம். விடை வரும்போது அது முழுக்கத் தன் மூளையால் வந்தது என்று பிள்ளைக்குத் தெரியும். பஸ் வரும்வரை விளையாடலாம், வந்ததும் மூடி வைக்கலாம். எங்கள் பிள்ளைகள் சந்திக்கும் பெரிய கஷ்டங்களில் எத்தனைக்கு இப்படித் தெளிவான விதியும், மறுபடி தொடங்கும் வாய்ப்பும் இருக்கின்றன?

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கருவியைப் பறிக்குமுன் உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கொரு விளம்பரம் காட்டி, தோற்றால் காசு கேட்டு, பிள்ளையை எழும்பவிடாமல் இழுத்துப் பிடிக்கும் விளையாட்டுகள் கைத்தொலைபேசியில் நிறைய உண்டு. அவற்றுக்குக் கதவைச் சாத்துங்கள். யோசிக்க வைக்கும் புதிர் என்றால் பக்கத்தில் இருந்து, "இது எப்பிடி விளையாடுறது?" என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பிள்ளையும், கற்கும் இடத்தில் நீங்களும் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது. நேர எல்லையையும் அப்போதே இருவரும் பேசி முடிவெடுக்கலாம்.

அடுத்த இதழிலிருந்து புதிருக்கென ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். அம்மம்மாமார் போட்ட நொடிகள், 304இல் மறக்க முடியாத ஆட்டங்கள், பிள்ளைகள் தாங்களே கட்டம் போட்டு உருவாக்கிய புதிர்கள் எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. எழுதி அனுப்புங்கள். விடையை மட்டும் தனித்தாளில் வையுங்கள். நாங்களும் முயன்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்