யாரைக் கிளியர் செய்தீர்கள்?

‘கிளியர்’ என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் சரியான சொல் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் கட்சி ஒன்று இருக்கிறது. கடன் கிளியர் ஆகிறது, செக் கிளியர் ஆகிறது, பையன் பரீட்சையைக் கிளியர் செய்கிறான், துறைமுகத்தில் சரக்கு கிளியர் ஆகிறது, மழை விட்டு வானம் கிளியர் ஆகிறது. இத்தனை காரியத்தையும் ஒரே சொல் செய்கிறதே, தமிழுக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டா என்பது அவர்கள் கேள்வி.

இல்லை என்பது வாஸ்தவம். நமக்குக் கடன் தீருகிறது, பையன் பரீட்சையில் தேறுகிறான், வானம் வெளுக்கிறது, பாடகர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். காரியத்துக்கு ஒரு சொல். இதை வறுமை என்று எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஓரிடத்திலிருந்து ஒன்றை அகற்றுவது என்ற அர்த்தத்தில் இந்தச் சொல் வருகிறதே, அங்கே நமக்கு இது இல்லாமலிருப்பது பெரிய பாக்கியம் என்பேன்.

அதன் இலக்கணத்தைச் சற்றே கவனியுங்கள். மேசை மேல் தட்டுகள் இருக்கின்றன. ஆங்கிலேயன் ‘தட்டுகளைக் கிளியர் செய்’ என்றும் சொல்லலாம். ‘மேசையைக் கிளியர் செய்’ என்றும் சொல்லலாம். இரண்டாவது வாக்கியத்தில் தட்டு என்ற பேச்சே இல்லை. மேசையை விட்டுப் போக வேண்டிய பொருள் வாக்கியத்தை விட்டே போய்விட்டது! ‘ரிமூவ்’ என்ற வினை அப்படிப்பட்டதல்ல. மேசையை ரிமூவ் செய்யச் சொன்னால் மேசையைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். பெத் லெவின் என்ற மொழியியல் அறிஞர் 1993இல் ஆங்கில வினைகளை வகை பிரித்து ஒரு நூல் வெளியிட்டார். ‘ரிமூவ்’ போன்றவற்றை ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டு, இப்படி இரண்டு பக்கமும் சாயக்கூடியவற்றை வேறொரு வகுப்பாக்கி, அதற்குக் ‘கிளியர் வினைகள்’ என்றே பெயர் வைத்தார்.

நம்முடைய அகற்று, நீக்கு, எடு என்பவையெல்லாம் ‘ரிமூவ்’ ஜாதி. எது போகிறதோ அதைச் சொல்லியாக வேண்டும். நன்னூல் படித்தவர்களுக்கு இது தெரியும். போகிற பொருளுக்கு இரண்டாம் வேற்றுமை. அது எதிலிருந்து போகிறதோ அதற்கு ஐந்தாம் வேற்றுமை. நீங்கல் என்ற பொருளையே இலக்கணக்காரர் ஐந்தாவதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறார். ஒன்றின் ஆசனத்தில் மற்றொன்று உட்கார முடியாது.

‘வீட்டைப் பெருக்கு, தரையைத் துடை என்று நாமும் இடத்தை மட்டும் சொல்வதில்லையா?’ என்று யாராவது மடக்கலாம். சொல்கிறோம். குப்பைக்கும் தூசிக்கும் பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் நூறு குடும்பங்கள் வாழ்ந்த தெருவைப் ‘பெருக்கிவிட்டேன்’ என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் நா எழாது. ‘கிளியர் செய்துவிட்டேன்’ என்று சொல்ல மட்டும் தாராளமாக எழுகிறது. தூசிக்கு ஏற்பட்ட இலக்கணத்தை மனிதர்களுக்குப் பொருத்தித் தருவதுதான் இந்த வினையின் கைங்கரியம்.

அதோடு இதற்கு ஒரு பிரகாசமும் உண்டு. ஒளி, தெளிவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழியில் பிறந்தது இது. ஆகவே எதைக் கிளியர் செய்தாலும், அதுவரை அங்கே இருந்தது அழுக்கு என்றும், இப்போதுதான் வெளிச்சம் வந்தது என்றும் ஒரு தீர்ப்பு கூடவே வந்து சேர்கிறது. பட்டினப்பாலை பாடிய புலவர் கரிகாலனைப் புகழத்தான் பாடினார். ஆனாலும் காடு போய் நாடான கதையைச் சொல்லும்போது ‘கொன்று’ என்ற வினையைத்தான் போட்டார். அரசனைப் புகழ்கிற வாயாலேயே, செத்தது காடு என்று சொல்லிவிட்டார்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் சதர்லாந்து என்ற பிரதேசம் இருக்கிறது. அங்கே பெரிய நிலச்சுவான்தார்கள் செம்மறியாட்டுப் பண்ணைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்த மக்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து கிளப்பினார்கள். 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் அந்தக் காரியத்தை நடத்தியவர் எஸ்டேட் காரியஸ்தரான பாட்ரிக் செல்லர். அந்த நிலத்தைக் குத்தகை எடுத்திருந்தவரும் அவரேதான்! வீடுகளுக்குத் தீ வைத்தார், படுக்கையில் கிடந்த ஒரு கிழவியின் சாவுக்குக் காரணமானார் என்று அவர்மேல் வழக்கு நடந்தது. 1816இல் இன்வர்னஸ் நகரில் ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். குற்றத்திலிருந்து விடுபட்டவனையும் ஆங்கிலத்தில் ‘கிளியர்’ ஆனான் என்றுதான் சொல்வார்கள். பள்ளத்தாக்கும் கிளியர், அதைக் கிளியர் செய்தவரும் கிளியர். ஆடுகள் மேய்ந்தன.

ஆங்கிலேயர்களுக்கும் இது தெரியாமலில்லை. 1963இல் ஜான் பிரெபிள் இந்தக் கொடுமையைப் பற்றி எழுதிய நூலுக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். ஸ்காட்லாந்தில் இன்று அது ஒரு குற்றச்சாட்டின் பெயர். ஆனால் அவர்களுடைய சர்க்கார் தஸ்தாவேஜுகளில் மட்டும் சொல் நிம்மதியாகக் குடியிருந்தது. 1930ஆம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டம் நகரத்துச் சேரிகளைக் ‘கிளியரன்ஸ்’ பகுதிகளாக அறிவிக்க வழி செய்தது. அங்கிருந்து அது நமக்கும் வந்தது. 1956இல் இந்தியப் பார்லிமெண்டு நிறைவேற்றிய குடிசைப் பகுதிச் சட்டத்தின் தலைப்பில் அது ஏறிக்கொண்டது; 1971இல் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தலைப்பிலும் ஏறிக்கொண்டது.

1970இல் சென்னையில் இதற்கென்று ஒரு வாரியம் ஏற்பட்டது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு’. தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. அகற்றும் வாரியம் என்று வைக்கவில்லை. ‘குடிசை மாற்று வாரியம்’ என்று வைத்தார். மாற்று என்றால் ஒன்றை எடுத்த இடத்தில் இன்னொன்றை வைத்தாக வேண்டும். ஆரம்ப வருஷங்களில் குடிசை இருந்த இடத்திலேயே பல மாடி வீடுகள் எழும்பவும் செய்தன. பிற்பாடு, 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகருக்கும், அதன் பிறகு பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. வீடு கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆற்றங்கரையில் வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்வதும் ஒரு வாழ்வல்லதான். ஆனால் நகரத்துக்குள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தவளுக்கு, பல கிலோமீட்டர் தள்ளி ஒரு சாவியைக் கொடுத்தால், மாறியது குடிசையா, பிழைப்பா? அங்கே நடந்தது தமிழ்ப் பெயரின் வேலை அல்ல, ஆங்கிலப் பெயரின் வேலை. 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாயிற்று. ‘கிளியரன்ஸ்’ ஒழிந்தது, சந்தோஷம். ‘மாற்று’ என்ற வாக்குறுதியும் கூடவே போய்விட்டதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தமிழில் எழுதினாலே யோக்கியதை வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ‘ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன’ என்று நம் பத்திரிகைகளும் எழுதுகின்றன. ஆக்கிரமிப்பு என்ற பண்டம் அடுப்பு மூட்டுவதில்லை, பள்ளிக்கூடம் போவதில்லை. அங்கே அதைச் செய்தவர்கள் மனிதர்கள். ‘அகற்று’ என்ற வினை யாரை என்று கேட்கிறது. அதன் வாயில் ‘ஆக்கிரமிப்பு’ என்ற உருண்டையைத் திணித்து அடைத்துவிடுகிறோம். ‘படு’ என்ற துணைவினையைச் சேர்த்து, செய்தவனையும் மறைத்துவிடுகிறோம். எழுத்து தமிழாயினும் இலக்கணம் ‘கிளியர்’தான்.

ஆகையால் இந்த வினைக்குத் தமிழ்ச் சொல் தேடி அலையும் நண்பர்கள் அந்த வேலையை விட்டுவிடலாம். சரக்கையும் செக்கையும் அவர்கள் இஷ்டம்போல் கிளியர் செய்துகொள்ளட்டும். குடியிருக்கிற இடத்தைக் கிளியர் செய்தோம் என்று யாராவது வந்து சொன்னால், யாரை, எங்கே கொண்டுபோய் விட்டீர்கள் என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் பதில் வருகிற வரையில் அந்த வாக்கியம் முடியவில்லை.