பக்கத்து டேபிளைப் பார்த்து



திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருடம் மெஷினில் உட்கார்ந்த ஒரு டெய்லரிடம், தொழில் எங்கே படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சி நிலையத்தின் பெயர் அநேகமாக வராது. "படிக்கிறதென்னங்க, கூட நின்னு பார்த்துப் பழகுனதுதானுங்க" என்பார். சொல்லும்போது குரலில் ஒரு சின்னக் கூச்சம் இருக்கும், ஏதோ குறுக்குவழியில் வந்துவிட்ட மாதிரி. அந்தக் கூச்சம் தேவையே இல்லை என்று சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

பழைய பவர் டேபிள் யூனிட்களில் கைமடி என்று ஒரு வேலை உண்டு. டெய்லரின் பக்கத்தில் நின்று துணியின் ஓரத்தை மடித்து மடித்துக் கொடுப்பது. கைமடிக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. நாள் முழுவதும் கண் டெய்லரின் விரல்களில்தான். பனியன் துணியின் ஓரம் சுருண்டுகொண்டே இருக்குமே, அதை எந்த விரலால் நீவி விடுகிறார்? கழுத்து வளைவு வரும்போது காலை எவ்வளவு தளர்த்துகிறார்? டீ நேரத்தில் டெய்லர் எழுந்து வெளியே போனதும், கைமடி அந்த இடத்தில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்ப்பார். கொஞ்ச நாளில் சிங்கர், பிறகு ஓவர்லாக், பிறகு பேட்லாக். 'டெய்லர் தேவை' என்ற போர்டைப் பார்த்து வேறு கம்பெனிக்குப் போகும்போது அவர் முழு டெய்லர். (அந்தக் காலத்துக் கைமடிகளில் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள். தொழில் பழகிய விதத்தை மெச்சலாம், அதை மெச்ச முடியாது.)

இப்படிப் பார்த்துச் செய்வதை நாம் மட்டமாக நினைக்கிறோம். 'காப்பி அடிக்காதே' என்று வளர்ந்தவர்கள் இல்லையா! மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் சொல்வது வேறு. மனிதன் மற்ற விலங்குகளைவிடக் கெட்டிக்காரனாக இருப்பதற்கு ஒரு காரணம், அவற்றைவிட நன்றாகப் பார்த்துச் செய்கிறான் என்பதே.

விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் 2005-இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். உகாண்டாவில் ஒரு சரணாலயத்தில் இருந்த சிம்பன்சிக் குட்டிகளிடம் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். முதலில் மேலே இருந்த துளையில் குச்சியை விட்டுக் குத்தினார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. பிறகு முன்பக்கக் கதவைத் திறந்து உள்ளே இருந்த பரிசை எடுத்தார்கள். பெட்டி கறுப்பாக, உள்ளே தெரியாமல் இருந்தபோது சிம்பன்சிகள் இரண்டையும் செய்தன. அதே பெட்டியைக் கண்ணாடி போல உள்ளே தெரியும்படி கொடுத்ததும், மேல்துளைக்கும் பரிசுக்கும் சம்பந்தமில்லை என்று கண்டுகொண்டு நேரே கதவுக்குப் போய்விட்டன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளிடம் அதையே கொடுத்தார்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் குழந்தைகள் மேலேயும் குத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள்.

முதலில் கேட்கும்போது சிரிப்பு வரும், குரங்குக்கு இருக்கிற விவரம் நம் பிள்ளைக்கு இல்லையே என்று. கட்டிங் டேபிளுக்கு வந்து பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

காம்பாக்டிங் முடிந்து ரோலாகச் சுற்றி வரும் பின்னல் துணியை விவரமான கட்டிங் மாஸ்டர் உடனே வெட்ட மாட்டார். ரோலைப் பிரித்துத் துணியைத் தளர்வாகப் போட்டு வைப்பார், சில சமயம் ஒரு ராத்திரி முழுக்க. புதிதாகச் சேர்ந்த உதவியாளுக்கு இது வெட்டி வேலையாகத்தான் தெரியும். ஷிப்மென்ட் தலைக்கு மேல் நிற்கும்போது துணி சும்மா கிடக்கிறதே! ஆனால் சுற்றும்போது இழுபட்ட துணி, விட்டால்தான் தன் இயல்பான அளவுக்குத் திரும்பும். அதற்குமுன் வெட்டினால், வெட்டின பிறகு சுருங்கும். மார்பளவு குறைந்த பீஸ்கள் செக்கிங் டேபிளில் வந்து நிற்கும். 'இது எதுக்கு' என்று தானாக முடிவு செய்து தாண்டிப் போகிற புத்திசாலி அங்கே மாட்டிக்கொள்வான். ஒன்றையும் விடாமல் மாஸ்டர் செய்ததையே செய்கிறவன் தப்பிப்பான். காரணம் அவனுக்கு ஒரு வருடம் கழித்துத் தெரியவரும். சிலருக்குத் தெரியாமலே போகும், தொழில் மட்டும் சரியாக நடக்கும். தொழிலில் முக்கால்வாசி விஷயம் உள்ளே தெரியாத பெட்டிதான். குழந்தை முழுசாகப் பார்த்துச் செய்வதன் நியாயம் அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதற்காகக் குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார்கள் என்றும் இல்லை. ஹங்கேரியின் கெர்கெய் குழுவினர் 2002-இல் 14 மாதக் குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டினார்கள். ஒரு பெண் நெற்றியால் முட்டி ஒரு விளக்கை எரியவைக்கிறார். அவர் கைகள் மேஜைமேல் சும்மா இருந்தபோது, பார்த்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகம் பேர் தாங்களும் நெற்றியால் முட்டினார்கள். குளிருகிறது என்று இரண்டு கையாலும் போர்வையைப் பிடித்துக்கொண்டு அவர் முட்டியபோது, ஐந்தில் ஒருவர்தான் அப்படிச் செய்தார்கள். மற்றவர்கள் கையாலேயே தட்டிவிட்டார்கள். பாவம், அவருக்குக் கை ஒழியவில்லை என்று பால் மணம் மாறாத பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது.

இதில் மொழிக்கு வேலை இல்லை என்பதையும் கவனியுங்கள். இன்றைக்குத் திருப்பூர் லைன்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. சூப்பர்வைசரின் தமிழ் அவர்களுக்குப் புரியாது, அவர்களுடைய ஒடியா இவருக்குப் புரியாது. வேலை நடக்கிறது. பக்கத்து டேபிளைப் பார்த்து.

ஒருவரைப் பார்த்துச் செய்யும்போது தொழில் மட்டும் ஒட்டுவதில்லை. அமெரிக்காவில் டான்யா சார்ட்ராண்டும் ஜான் பார்கும் 1999-இல் காட்டினார்கள்: கூட இருப்பவர் காலை ஆட்டினால் நமக்கும் கால் ஆடுகிறது, அவர் முகத்தைத் தடவினால் நம் கையும் முகத்துக்குப் போகிறது, நமக்கே தெரியாமல். அப்படி நம்மைப் போலச் செய்கிறவரை நமக்குப் பிடித்தும் போகிறது. நெதர்லாந்தில் ஓட்டல் பணிப்பெண்கள், வாடிக்கையாளர் சொன்ன ஆர்டரை அவர் சொன்ன சொல்லிலேயே திருப்பிச் சொன்னபோது டிப்ஸ் கூடுதலாக விழுந்தது. வெளிநாட்டு பையரிடம் போனில் பேசும் நம் மெர்ச்சண்டைசர்களின் ஆங்கிலம் பேசப்பேச அந்த ஊர் ராகத்துக்கு மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். பந்தா என்று கேலி செய்யாதீர்கள், அது மனித சுபாவம்.

ஒரு ஊரே இப்படித்தான் தொழில் கற்றது. கொங்கு கிராமங்களில் விவசாயம் பார்த்தவர்கள் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, முதலாளி எப்படிச் சரக்கு எடுக்கிறார், எப்படிக் கடன் சொல்கிறார் என்று பார்த்து, நாலு மெஷின் போட்டுத் தாங்களும் முதலாளி ஆனார்கள். ஆராய்ச்சியாளர் சரத் சாரி தம் 2004-ஆம் ஆண்டு நூலில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். 1970-களின் கடைசியில் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி சரக்குத் தேடி வந்ததையும், அவருக்குப் பின்னால் ஏற்றுமதி ஒரு கம்பெனியிலிருந்து அடுத்த கம்பெனிக்குப் பரவியதையும் ஊரில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் செய்தால்? பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி 1992-இல் கூட்ட மனப்பான்மை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் உதாரணம் இது. அடுத்தடுத்து இரண்டு உணவகங்கள். முதலில் வந்தவர் தனக்குக் கிடைத்த தவறான தகவலை நம்பி ஒன்றுக்குள் போகிறார். அடுத்தவருக்கு மற்றதுதான் நல்லது என்று தகவல், ஆனாலும் முன்னால் போனவருக்குத் தெரியாததா என்று அவர் பின்னாலேயே போகிறார். மூன்றாமவரும் அப்படியே. நல்ல உணவகம் ஈயாடும். இதே பானர்ஜி, கைவன் முன்ஷியோடு சேர்ந்து திருப்பூருக்கு வந்து ஆராய்ச்சி செய்தார்; அது 2004-இல் வெளியானது. உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தவர் அதிக முதலோடு தொழில் தொடங்குகிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலில் தொடங்கினாலும் ஏற்றுமதியில் வேகமாக வளர்ந்து முந்துகிறார்கள் என்று கண்டார்கள். பணம் சொந்தபந்தத்துக்குள் சுற்றுவதைப் பற்றிய ஆராய்ச்சி அது. எனக்கென்னவோ, பார்வையும் அதே வட்டத்துக்குள் சுற்றியிருக்குமோ என்று தோன்றுகிறது.

நம் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததை வேறு எப்படிப் புரிந்துகொள்வது? சாயத் தண்ணீரை ஆற்றில் விட வேண்டும் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பக்கத்துச் சாயப்பட்டறை விட்டது, இவரும் விட்டார். பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. தண்ணீரைக் கேட்க வேண்டிய கீழ்மடை விவசாயிகள், திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலைமை வந்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் விழித்தோம். கழிவின் உப்புநீரையே மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தலாம் என்று அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்து காட்டினார்கள். மற்ற நிலையங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதையே செய்தன. ஆற்றைக் கெடுத்ததும் பார்த்துச் செய்ததுதான், அதை நிறுத்தியதும் பார்த்துச் செய்ததுதான். இரண்டாவதற்கு மட்டும் கோர்ட் உத்தரவு தேவைப்பட்டது.

பிறர் செய்வதைப் பார்க்கும்போதே, நாமே செய்வதுபோல மூளையில் தூண்டப்படும் கண்ணாடி நியூரான்களைப் பற்றி எழுதவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நம் வி.எஸ். ராமச்சந்திரன் 2000-இல் அவற்றைப் பற்றி ஆர்வமாக எழுதியதிலிருந்து, எதற்கெடுத்தாலும் அதுதான் காரணம் என்று சொல்லும் வழக்கம் வந்தது. விஞ்ஞானிகளே இப்போது குரலைத் தணித்துக்கொண்டு பேசுகிறார்கள். நாமும் அவசரப்பட வேண்டாம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தொழில் பழக்கியவரைப் பார்த்து உங்கள் கையில் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் இருக்கும். மெஷினில் உட்காரும் முன் செய்கிற ஒரு செயலோ, துணியைத் தடவிப் பார்க்கும் விதமோ. அதற்குக் காரணம் பின்னால் தெரிந்திருந்தாலும் எழுதுங்கள், இன்றுவரை தெரியாவிட்டாலும் எழுதுங்கள். அஞ்சலட்டை போதும். கம்பெனி பெயர் வேண்டாம். பழக்கியவர் டெய்லரா, மாஸ்டரா, அக்காவா என்று மட்டும் குறிப்பிட்டால் நல்லது. அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்