அறுந்த இழையும் அறுந்த கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிப்பொறி அறிவியல்)



"கம்ப்யூட்டர் கணக்கை விழுங்கிவிட்டதாம்!" சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பரவிய செய்தி இது. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஆகவே உலகத்திலுள்ள கணிப்பொறிகள் அனைத்துக்கும் நானே பொறுப்பு என்பது எங்கள் தெருவின் துணிபு!

நடந்தது இதுதான். என் தந்தை உறுப்பினராக உள்ள நெசவாளர் சங்கத்தில் (பெயர் வேண்டாம், குறை சொல்வது என் நோக்கமன்று) கணக்கு முழுவதும் 1990-களில் ஃபாக்ஸ்புரோவில் எழுதப்பட்ட நிரலில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு பட்டு, எவ்வளவு ஜரிகை, எத்தனை சேலை வந்தது, கூலி என்ன, சேமிப்புப் பிடித்தம் என்ன, எல்லாம் அதற்குள்தான். வெள்ளி மாலை கொட்டும் மழையில் மின்சாரம் போயிற்று. யு.பி.எஸ். பேட்டரி செத்துப் பல மாதமாம். மறுநாள் திறந்தால், "இது அட்டவணைக் கோப்பு அல்ல" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அன்று கூலி நாள். கூலி நின்றது. மளிகைக் கடைக்காரருக்கு இதையெல்லாம் விளக்க முடியுமா?

நிரலை எழுதியவர் எங்கிருக்கிறார் என்று எவருக்கும் தெரியாது. தொலைபேசியில் கேட்ட வல்லுநரோ, "அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்" என்று முடித்துக்கொண்டார். இந்த ஒற்றை வரித் தீர்ப்பைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன்.

ஃபாக்ஸ்புரோவின் காலம் முடிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஃபாக்ஸ் என்னும் நிறுவனம் உருவாக்கிய அதனை 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கடைசிப் பதிப்பாகிய விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 வெளிவந்தது 2004-ல். அதற்கான ஆதரவும் 2015 சனவரியோடு நின்றது. பழைய 2.6 பதிப்புக்கு இன்னொரு வேடிக்கையான நோய் உண்டு. தொடங்கும்போது கணிப்பொறியின் வேகத்தை அறிய அது ஒரு சிறு சுழற்சியை ஓட்டிப் பார்க்கும். பின்னாளில் வந்த வேகமான பொறிகளில் அந்தச் சுழற்சி நொடிப்பொழுதுகூட எடுக்காமல் முடிந்துவிட, ஆன நேரம் சுழியம் எனக் கணக்காகி, சுழியத்தால் வகுக்கப் போய் நிரல் படுத்துவிடும். பொறி விரைவாக இருப்பதே குற்றமாகிவிட்டது! இன்றைய 64 பிட் விண்டோஸிலோ அது கண்ணே திறக்காது. ஆனால் நிரல் செத்தால் கணக்கும் செத்ததாகுமா? அங்கேதான் நாம் தவறு செய்கிறோம்.

தறியில் பாவிழை ஒன்று அறுந்தால் அப்பா பாவையே அறுத்து எறிவதில்லை. எந்த இழை என்று விரலால் தடவித் தேடுவார், முடி போடுவார், மேலே நெய்வார். சேலைப் பூவில் பிழை வந்தால் ஜக்கார்டு அட்டைகளில் எது கிழிந்தது என்று பார்த்து அதை மட்டும் மாற்றுவார். (அந்தத் துளையிட்ட அட்டைகளே கணிப்பொறி அட்டைகளுக்கு முன்னோடி என்று வகுப்பில் படித்தபோது, எங்கள் வீட்டுப் பரணிலேயே பாடநூல் இருந்திருக்கிறதே என்று வியந்தேன்.) பழுது பார்ப்பதும் அப்படித்தான்.

ஞாயிறன்று சங்க எழுத்தர், "தம்பி, நீதான் வந்து பாரேன்" என்றார். நான் செய்த முதல் வேலை, எதையும் செய்யாமல் கோப்புகள் முழுவதையும் இரண்டு பென் டிரைவ்களில் நகல் எடுத்ததுதான். மூலத்தில் கை வைப்பது பெரும்பிழை. ஃபாக்ஸ்புரோவில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிவதில்லை. நீக்கியதாகக் குறி மட்டுமே விழும். பதற்றத்தில் யாராவது 'பேக்' ஆணையைக் கொடுத்துவிட்டால் குறியிட்டவை அடியோடு போய்விடும்.

அடுத்து, உடைந்தது எது? பெயரைத் தேடும்போது மட்டும் நிரல் படுத்தால் பெரும்பாலும் இண்டெக்ஸ்தான் பழுது. அது நூலின் பின்னுள்ள சொல்லடைவு போன்றது. கிழிந்தால் புதிதாக எழுதலாம், நூலுக்கு ஒன்றும் ஆகாது. இங்கோ கோப்பே திறக்கவில்லை. அக்கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு தலைப்பு உண்டு. மொத்தப் பதிவுகள் எத்தனை, தலைப்பின் நீளம் என்ன, ஒரு பதிவின் நீளம் என்ன என்பன அதில் இருக்கும். கோப்பின் அளவிலிருந்து தலைப்பின் நீளத்தைக் கழித்து, பதிவின் நீளத்தால் வகுத்தால் உண்மையான எண்ணிக்கை கிடைத்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு! போட்டுப் பார்த்தேன். தலைப்பு சொன்னதைவிடப் பதினொரு பதிவுகள் குறைவு. எண்ணிக்கையை எழுதிய பொறி, பதிவுகளை எழுதுவதற்குள் மின்சாரம் போயிருக்கிறது.

நகலில் அந்த எண்ணைத் திருத்தியதும் கோப்பு திறந்தது. எழுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அதை லிப்ரே ஆபீஸிலும் திறந்தேன். தொகைகள் அனைத்தும் சரியாக இருந்தன. பெயர்கள் மட்டும் புரியாத குறிகளாகத் தெரிந்தன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை அல்லவா? தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றது. இந்தக் கோப்புக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை! உறுப்பினர் எண்ணைக் கொண்டுதான் அப்பாவின் வரியைக் கண்டுபிடித்தேன்.

அந்தப் பதினொரு பதிவுகள்? அவை வெள்ளி மாலை சேலை கொடுத்த பதினொரு பேருடையவை. என் தந்தையும் அவர்களில் ஒருவர். அவை மீண்டது கணிப்பொறியால் அன்று; எழுத்தர் தம் கையால் மை கொண்டு எழுதிக் கொடுத்த பாஸ்புக்குகளால். எல்லாம் கணிப்பொறியில் வந்தபின் பாஸ்புக் எதற்கு என்று சங்கத்தில் சில மாதங்களாகவே பேச்சு இருந்தது. எதற்கு என்று இப்போது பதினொரு வீட்டார் சொல்வார்கள். நம் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரைக் குடவோலையில் பெயரெழுதவும் தகாதவர் என்று விலக்குகிறது. பராந்தக சோழன் காலத்தவர்க்குக் கணக்கு அத்தனை பெரிது.

நான் பழைமை விரும்பி அல்லன். அந்த நிரல் மாறத்தான் வேண்டும். மாறும்போது கணக்கை எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய வடிவில் முதலில் வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்பதே என் வாதம். இன்னொன்றும் உண்டு. தரவுத்தளப் பாடத்தில் அட்டவணைகளைப் பிரிக்கும் இலக்கணம் நன்றாகவே கற்பிக்கப்படுகிறது. உடைந்த கோப்பு ஒன்றை எந்த ஆய்வக வகுப்பிலும் நான் கண்டதில்லை. நம் மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்கங்களிலும் சிறு கடைகளிலும் ஃபாக்ஸ்புரோவும் பழைய அக்சஸும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். அவற்றைத் தொடத் தெரிந்தவர் யார்? ஆய்வகத்தின் மூலையில் ஒரு பழைய கணிப்பொறியும், வேண்டுமென்றே கெடுத்து வைத்த பத்துக் கோப்புகளும் போதும். துறைத்தலைவர் அவர்களிடம் இதனை எழுத்து வடிவில் கொடுத்திருக்கிறேன்.

செவ்வாயன்று கூலி வந்தது. அப்பா பாஸ்புக்கில் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு, "உள்ளே என்னப்பா அறுந்திருந்தது?" என்று கேட்டார். தறிமேடையிலேயே உட்கார்ந்து விளக்கினேன்.