வீழ்ந்த காய்க்கும் இடம் உண்டு

ஆட்டத்தில் வென்றவனுக்குச் செய்யவேண்டுவன யாவை என்பதை எல்லா நாட்டாரும் அறிவர். மாலை சூட்டுவர், பரிசில் வழங்குவர், அவன் பெயரைப் பலகையிற் பொறிப்பர். தோற்றவனுக்குச் செய்யவேண்டுவது யாது என்னும் வினாவோ அத்துணை எளிதில் விடை காணத்தக்கதன்று. ஆயினும், ஓர் ஆட்டத்தைப் பேணும் கூட்டத்தாரின் பெருமை, அவர்கள் தோற்றாரை நடத்தும் முறையினாலேயே நன்கு விளங்கும் என்பது நம் கருத்து. இதற்கு ஜப்பான் நாட்டு ஷோகி ஆட்டத்தையும், அந்நாட்டார் நடத்தும் தேசீயப் போட்டியையும் சான்றாகக் காட்ட விரும்புகின்றோம்.

ஷோகி நம் நாட்டுச் சதுரங்கத்தின் வழிவந்தது என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு. அதன் பலகையில் நிரைக்கு ஒன்பதாக 81 கட்டங்கள் உள. ஒவ்வொரு பக்கத்திற்கும் 20 காய்கள். நாம் ஆடும் சதுரங்கத்திற்போலக் காய்கள் கறுப்பென்றும் வெளுப்பென்றும் பிரிக்கப்படவில்லை. எல்லாம் ஒரே நிறத்து ஐங்கோண மரவில்லைகள். பெயர் மேலே எழுதப்பட்டிருக்கும். கூரிய முனை நோக்கும் திசையைக்கொண்டே காய் எவருடையது என்று அறியவேண்டும். இங்ஙனம் அமைத்ததற்குக் காரணம் உண்டு. வெட்டுண்ட காய் இவ்வாட்டத்தில் இறப்பதில்லை. வெட்டினவன் அதனை எடுத்து, இருவரும் காணத் தன் பக்கத்துள்ள சிறு மணையின்மீது வைக்கின்றான். பின்னர்த் தன் முறை வருங்கால், வேறு காயை நகர்த்துவதற்கு மாறாக, அதனை வெற்றுக் கட்டம் ஒன்றில் தன் காயாக இறக்கலாம். சில விலக்குகள் இருப்பினும் விதி இதுவே. முன்னேறி உயர்பதவி பெற்றிருந்த காயாயின், அப்பதவியை இழந்து, தன் பழைய நிலையிலேயே மீண்டும் களம் புகும்.

இவ்விதியைப்பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. உலகப்போரில் ஜப்பான் தோற்று, அமெரிக்கப் படையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலம் அது. 1947-ஆம் ஆண்டளவில், படையதிகாரிகள் மசுதா கோசோ என்னும் ஆட்ட வல்லுநரை அழைத்து, சிறைப்பிடித்த காயைத் தம் பக்கத்துப் போரிட வைப்பது கைதிகளை இழிவாக நடத்துவதற்கு ஒப்பாகாதோ என்று வினவினராம். மேனாட்டுச் சதுரங்கத்திலன்றோ பிடிபட்டவனைக் கொன்றுவிடுகின்றனர், ஷோகியில் அவனுக்கு உரிய பதவியையே அளித்து வேலை கொடுக்கின்றனர் என்று மசுதா விடையிறுத்ததாக அவரே பிற்காலத்துக் கூறியுள்ளார். தோற்ற நாட்டின் மகன் ஒருவன் வென்றவர் முன்னின்று கூறிய சொல்லாதலின், இதனை வெறும் சாதுரியமென்று நாம் தள்ளிவிடுதல் இயலாது.

அவ்வாண்டிலேயேதான் அமெச்சூர்கள், அஃதாவது ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதார், தம்முட் பொருதும் அகில ஜப்பான் போட்டி தொடங்கிற்று. அதனை அமெச்சூர் மெய்ஜின் போட்டி என்பர். மெய்ஜின் என்னும் பட்டம் மிகப் பழையது. 1612-ஆம் ஆண்டில் ஓஹாஷி சோகெய் என்பார் அதனை முதன்முதல் ஏற்றார். அதுமுதல் அஃது ஆயுட்காலப் பட்டமாகவே இருந்துவந்தது. பதின்மூன்றாம் மெய்ஜினாகிய செகினே கின்ஜிரோ 1935-ஆம் ஆண்டில் தம் ஆயுளுரிமையைத் தாமே துறந்து, ஆடி வென்றாரே அப்பட்டத்திற்கு உரியர் என்னும் முறைக்கு வழிவிட்டார். 1937-ஆம் ஆண்டில் கிமுரா யோஷியோ அங்ஙனம் வென்றார். ஒருவர் தம் உரிமையைத் துறந்தமையாற் பலருக்குப் பிறந்த வாய்ப்பு அது. பத்தாண்டு கழித்து, அவ்வாய்ப்பு தொழிலாளர் அல்லாதார்க்கும் எட்டியது என்று சொல்லலாம்.

இப்போட்டிக்கு 47 மாகாணங்களிலும் தனித்தனியே தேர்வாட்டம் நடைபெறுகின்றது. அலுவலகத்தார், மாணவர், வேலையினின்று ஓய்வுபெற்ற முதியோர் எனப் பல நிலையினரும் அதிற் பங்குகொள்கின்றனர். தேசீயப் போட்டிக்கு வந்த பின்னரும், தொடக்கச் சுற்றில் ஒரே தோல்வியால் எவரும் வெளியேற்றப்படுவதில்லை. இரண்டு வென்றார் மேற்செல்வர், இரண்டு தோற்றாரே விலகுவர். ஆட்டம் முடியும் விதமும் கருதத்தக்கது. தன் அரசனுக்கு இனி உய்தியில்லை என்று கண்டவன், அதற்காகக் காத்திராமல், தலைவணங்கித் 'தோற்றேன்' என்று தன் வாயாலேயே சொல்கின்றான். அதன்பின் எழுந்து போய்விடுவானோவெனின், இல்லை. வென்றவனும் தோற்றவனும் அதே பலகையிற் காய்களை மீண்டும் பரப்பி, எந்த இடத்திற் பிழைத்தது, வேறு யாது செய்திருக்கலாம் என்று கூடி ஆராய்வர். தோல்வியை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வதும், ஒப்புக்கொண்டபின் அதனைக் கல்வியாக்கிக்கொள்வதும் அக்கூட்டத்தாரின் பழக்கம்.

இத்தகைய ஆட்டத்திலும் ஒரு கடிய வாயில் உண்டு. அதனை மறைத்துக் கூறுதல் முறையன்று. ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் சிறுவர் 'ஷோரெய்காய்' என்னும் பயிற்சிக் குழுவிற் சேர்ந்து, படிப்படியாக ஏறவேண்டும். நான்காம் படியை எய்தினவரே தொழிலாட்டக்காரர். மூன்றாம் படியில் நிற்போர் தம்முள் ஆண்டுக்கு இருமுறை பொருது, முறைக்கு இருவராக மேற்செல்வர். 26 வயதிற்குள் அப்படியை எய்தாதவர், சில விலக்குகள் நீங்கலாக, குழுவினின்று நீங்கவேண்டும். பத்துப்பன்னிரண்டு வயதில் புகுந்து, இளமை முழுவதும் வேறொன்றும் கல்லாமல் அதற்கே ஒப்படைத்தவன், ஒருநாள் வெறுங்கையனாய் வெளியே நிற்கின்றான்.

இவ்விதி கொடியது என்பார் உளர். நாம் அவ்வளவிற்குச் செல்லோம். வரம்பு இல்லையாயின், நாற்பது வயதிலும் கிட்டாத ஒன்றை எண்ணிக் காலங்கழிப்பார் பலராவர். வேறு தொழில் கற்க வயதுள்ளபோதே விடுவித்தல் ஒருவகையில் அருளேயாகும். ஆனால், விடுவித்தல் வேறு, வீசியெறிதல் வேறு. வெளியேறினவனுக்குத் திரும்பும் வழி அறவே இல்லையென்றால், அவ்வரம்பு அருளாகாது. வெட்டுண்ட காய்க்கு மறுவாழ்வு அளிக்கும் ஆட்டம், அதனை ஆடிய மனிதனுக்கு அதனை மறுக்கலாமோ?

இவ்வினாவை ஒருவர் தம் வாழ்க்கையாலேயே கேட்டார். செகவா ஷோஜி என்பார் 1996-ஆம் ஆண்டில், 26-ஆம் வயதில், நான்காம் படி எய்தாமல் ஷோரெய்காயினின்று நீங்கினார். பின்பு கல்லூரியிற் பயின்று, கம்பெனி ஒன்றில் ஊழியரானார். ஆட்டத்தை மட்டும் விடவில்லை. 1999-ஆம் ஆண்டில் அமெச்சூர் மெய்ஜின் பட்டம் பெற்றார். அத்தகைய வெற்றிகளால், தொழிலாட்டக்காரரோடு பொருதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று. அவர்களையும் பன்முறை வென்றார். 2005-ஆம் ஆண்டில், தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஷோகிச் சங்கத்திற்கு விண்ணப்பித்தார். சங்கத்தார் கூடி வாக்கெடுத்து, ஆறு ஆட்டங்களுள் மூன்றில் வெல்லவேண்டும் என்று தேர்வு வைத்தனர். முதல் ஆட்டத்தில் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் மாதம் 6-ஆம் நாள், ஐந்தாம் ஆட்டத்தில் மூன்றாம் வெற்றி பெற்று, 35-ஆம் வயதிலே தொழிலாட்டக்காரரானார். பந்தயம் வைத்து ஆடிப் பிழைத்துவந்த ஹனமுரா மோதோஜி என்பார் 1944-ஆம் ஆண்டில் தேர்வின்வழி உள்ளே புகுந்தபின், 61 ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த நிகழ்ச்சி இது.

சங்கத்தார் இதனை ஒருவர்க்கு மட்டும் காட்டிய சலுகையாக விட்டிருக்கலாம். அங்ஙனம் செய்யாமல் 2006-ஆம் ஆண்டில் இதனைப் பொதுவிதியாக்கினர். அவர்கள் செய்தவற்றுள் நாம் மிகப் பாராட்டுவது இதுவே; சலுகை ஒருவனை உயர்த்தும், விதியோ பின்வருவார் அனைவர்க்கும் உரிமையாகும். அவ்விதியின் பயனை இமாய்சுமி கெஞ்சி பெற்றார். அவர் ஒருமுறையன்று, இருமுறை ஷோரெய்காயினின்று நீங்கினவர். முதியோரைப் பேணும் இல்லத்தில் ஊழியம் செய்தவர். 2014-ஆம் ஆண்டில், 41-ஆம் வயதில் தேர்வில் வென்றார். இவாதெ மாகாணத்துக் கோயாமா ரெயோவோ ஷோரெய்காயில் ஒருநாளும் பயிலாமலே, அமெச்சூர் போட்டிகளில் வளர்ந்து, 2023-ஆம் ஆண்டில் அதே வாயிலின்வழி உட்புகுந்தார்.

இங்ஙனம் வாயிலைத் திறந்துவைத்தால் தொழிலின் தரம் குன்றும் என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் வீண். தேர்வு எழுத உரிமை பெறுவதற்கே தொழிலாட்டக்காரரைப் பலமுறை வென்று காட்டவேண்டும். அதன்பின் ஐந்து ஆட்டங்களுள் மூன்றில் வெல்லவேண்டும். பெண்டிர் ஆட்டத்திற் புகழ்பெற்ற சதோமி கானா 2022-ஆம் ஆண்டில் அத்தேர்வில் மூன்று ஆட்டங்களும் தோற்றார். நிஷியாமா தோமோகா இரண்டு வென்று, 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் மூன்றாம் தோல்வியோடு வாயிலருகே நின்றார். வென்று நுழைந்தாரும் மேனிலையில் அமர்த்தப்படுவதில்லை. கடைவகுப்பினும் புறம்பான நிலையிலிருந்தே ஏறவேண்டும், பத்தாண்டில் ஏறாவிடின் ஓய்வுபெறவேண்டும். பதவியிழந்து பழைய நிலையிலேயே களம் புகும் காயை ஈண்டு நினைவுகூர்க. அவர்கள் வேண்டியது இரக்கமன்று. ஒரு வெற்றுக் கட்டமே.

இவற்றால் நாம் துணிவது யாதெனின், தேசீயப் போட்டி ஒன்றின் முதற்பயன் ஆண்டுதோறும் ஒருவர்க்கு முடிசூட்டுவது அன்று; தோற்றாரும் புறத்தே நிற்பாரும் ஆட்டத்தோடு தமக்குள்ள தொடர்பு அறாதவாறு காப்பதே. 1947-ஆம் ஆண்டில் தொடங்கிய அப்போட்டி இல்லையாயின், செகவா தம் வேலைநேரம் போக எஞ்சிய பொழுதில் ஆடித் தம் ஆற்றலைக் காட்டுவதற்கு இடம் ஏது? அது வெட்டுண்ட காய்கள் காத்திருக்கும் மணை. அம்மணை யாவரும் காணுமாறு பலகைக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும்.

நம் மாணவ நண்பர்களுட் பலர் இம்மலரைக் கையிற்கொள்ளுங்கால் தேர்வின் முடிவை எதிர்நோக்கியிருப்பர். தேறுவார் மகிழ்க. தேறாதார், 'தோற்றேன்' என்று மறையாது ஒப்புக்கொண்டு, பிழைத்த இடத்தை வென்ற நண்பனோடு அமர்ந்து ஆராய்க. கற்பிக்கும் நமக்கும் பழைய மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. தேறாது சென்றவன் மீண்டும் நம் வாயிலை அடையும் நாளில், அவனுக்கென ஒரு வெற்றுக் கட்டம் இருக்கின்றதா என்று நாம் இன்றே பார்த்துவைத்தல் வேண்டும்.