தாத்தாவுக்குப் பொழுது போகவில்லையா?

தாத்தா ஒரு குவளை தே தாரிக்கை அரை மணி நேரம் குடிக்கிறார். பாட்டி ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “பாவம், வயசாயிடுச்சு, பொழுது போகல” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மாணவர்களே, இந்தப் பேச்சுக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை என்பது என் கருத்து.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 94 வயது வரையிலான 184 பேரிடம் ஒரு வாரத்துக்குப் பேஜர் கொடுக்கப்பட்டது. (பேஜர் என்றால் என்னவென்று அப்பாவிடம் கேளுங்கள்!) அது ஒரு நாளில் 5 முறை ஒலிக்கும். ஒலித்த உடனே, அந்த நேரத்து மனநிலையைக் குறித்து வைக்க வேண்டும். வார முடிவில் மொத்தமாகக் கேட்டால் நினைவு ஏமாற்றிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

என்ன தெரிந்தது? மகிழ்ச்சியான உணர்வுகள் முதியவர்களுக்கும் இளையவர்களுக்கு வருவது போலவே அடிக்கடி வந்தன. கோபம், கவலை போன்றவையோ சுமார் 60 வயது வரை வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்தன. மூட்டு வலியும் மருந்துப் பெட்டியும் கூடிக்கொண்டே போகும் பருவத்தில் மனம் மட்டும் அமைதியாகிறது. வியப்பாக இல்லையா?

“மூளை தளர்ந்துவிட்டது, அதனால் கவலைப்படக்கூடத் தெரியவில்லை” என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான சந்தேகம்தான். இதற்கும் சோதனை நடந்திருக்கிறது. முதியவர்களுக்கு நல்ல படங்களும் கெட்ட படங்களும் காட்டினால், பின்னர் நல்ல படங்களே அவர்கள் நினைவில் அதிகம் நிற்கும். மூளைத் தளர்ச்சிதான் காரணம் என்றால், மனத்திறன் குறைந்தவர்களிடம் இந்தச் சாய்வு அதிகமாக இருக்க வேண்டும். மாரா மேதரும் மரிசா நைட்டும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் நேர்மாறாக இருந்தது. கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் நன்றாக இருந்த முதியவர்களிடம்தான் சாய்வு வலுவாகத் தெரிந்தது. படம் பார்க்கும்போதே இன்னொரு வேலையும் கொடுத்துக் கவனத்தைச் சிதறடித்தபோது அது மறைந்துபோனது. அப்படியானால் நல்லதைக் கவனிப்பது ஒரு வேலை. தாத்தாவின் மூளை அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நாம்தான் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறோம்.

ஏன் இந்த மாற்றம்? கார்ஸ்டென்சனின் விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. முன்னால் நிறைய காலம் இருப்பதாக உணர்பவர் புதிய மனிதர்களையும் புதிய அறிவையும் தேடிப் போவார். காலம் குறைவு என்று உணர்பவர் தனக்குப் பிடித்தவர்களையும் கையருகே இருக்கும் சின்னச் சின்ன இன்பங்களையும் தேர்ந்தெடுப்பார். இங்கே வயதைவிட, மீதி நேரம் பற்றிய உணர்வுதான் முக்கியம்.

இதற்கு ஹாங்காங்கில் நல்ல சான்று கிடைத்தது. “அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தால் யாருடன் செலவிடுவீர்கள்? நெருங்கிய உறவினரா, அண்மையில் அறிமுகமானவரா, நீங்கள் படித்த புத்தகத்தின் ஆசிரியரா?” என்று கேட்டார்கள். பொதுவாக முதியவர்கள்தான் உறவினரை அதிகம் தேர்ந்தெடுப்பார்கள். 1997இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படவிருந்த நேரத்தில், ஒரு காலம் முடியப்போகிறது என்ற எண்ணம் பரவியிருந்தபோது, இளையவர்களும் உறவினரையே நாடினார்கள். ஒப்படைப்பு முடிந்து வாழ்க்கை வழக்கம்போல் ஆனதும் பழைய வேறுபாடு திரும்பிவிட்டது.

ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இது கொஞ்சம் புரியும். பள்ளி முடியும் கடைசி வாரத்தில், ஐந்து ஆண்டுகளாகக் குறை சொன்ன கேண்டீன் மீ கோரெங்கூடத் திடீரென்று ருசிக்கும்!

அதற்காக, ‘இந்த நொடியில் மட்டும் வாழுங்கள்’ என்று 16 வயதுக்காரரிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் வயதில் எதிர்காலத்தை நினைத்துத் திட்டமிடுவது இயல்பு. எஸ்.பி.எம். தேர்வு வேறு இருக்கிறது. ஆனால் நம் மனம் திட்டமிடுவதற்காக மட்டும் வெளியே போவதில்லை. 2010இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாகக் கேட்டபோது, விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 விழுக்காடு மனம் வேறு எங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

எல்லா முதியவரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். தனிமையும் தீராத வலியும் மனத்தை வாட்டும். பல வாரங்களாகப் பாட்டி எதிலும் நாட்டம் காட்டவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை என்றால், “வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடக் கூடாது. அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இன்னொரு விஷயத்தில் உங்கள் உதவி நேரடியாகத் தேவை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 2012ஆம் ஆண்டு ஆய்வில், நம்பத்தகாதவை என்று இளையவர்கள் ஒதுக்கிய முகங்களை முதியவர்கள் அந்த அளவுக்குச் சந்தேகிக்கவில்லை. எச்சரிக்கை உணர்வோடு தொடர்புடைய முன் இன்சுலா என்ற மூளைப் பகுதியும் அவர்களிடம் குறைவாகவே தூண்டப்பட்டது. நல்லதையே பார்க்கும் மனத்துக்கு இப்படியும் ஒரு விலை இருக்கலாம். மோசடிக் கும்பலுக்கு இது வசதி. ஆகவே தாத்தாவோடு தே தாரிக் குடிக்க உட்காரும்போது, அவர் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்திகளையும் சேர்ந்தே பாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் திட்ட வேண்டாம். உடனே தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.