கல்லை எடுக்கும் முன் குறிப்பேட்டை எடுங்கள்

மாணவர்களே, இணைய அங்காடியில் ‘அம்மோனைட்’ என்று தேடிப் பாருங்கள். இரண்டாக அறுத்து மெருகேற்றிய சுருள் கற்கள் வரிசையாக வரும். பல மடகாஸ்கரிலிருந்தும் மொரோக்கோவிலிருந்தும் வருபவை. அழகானவைதாம். ஆனால், எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்ற விவரம் பெரும்பாலும் அவற்றோடு வருவதில்லை. புதைபடிவம் சேர்ப்பது நல்ல பழக்கம் என்பதே என் கருத்து. அதே வேளையில், கிடைத்த இடம் எழுதப்படாத புதைபடிவம் தன் மதிப்பில் பாதியை இழந்துவிடுகிறது என்றும் சொல்வேன்.

ஏன் என்று புரிந்துகொள்ள, முதலில் அம்மோனைட்டைத் தெரிந்துகொள்வோம். இது கணவாய்க்கும் சாக்குக்கணவாய்க்கும் உறவான கடல்வாழ் உயிரி. சுருண்ட ஓட்டுக்குள் வரிசையாக அறைகள் இருக்கும். கடைசி அறையில் உயிரி வாழும்; மற்ற அறைகளில் இருக்கும் வாயு அதை மிதக்க வைக்கும். 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், டைனசோர்கள் அழிந்த அதே காலத்தில் இந்த இனமும் அழிந்தது. அம்மோனைட் வகைகள் வேகமாக மாறிக்கொண்டே வந்தன. கடல்கள் வழியே வெகுதூரம் பரவின. ஆகவே, ஒரு பாறையில் எந்த வகை இருக்கிறது என்று பார்த்தே அந்தப் பாறையின் வயதைக் கணிக்கலாம். ஆனால், அது எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தானே அதைச் செய்ய முடியும்?

அம்மோனைட்டை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கவும் கூடும். பெருமாள் கோயில்களில் பூசைக்கு வைக்கும் சாளக்கிராமம் நேப்பாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைப்பது. அதில் தெரியும் சக்கரம் பெரும்பாலும் ஜுராசிக் கால அம்மோனைட்டின் சுவடு. இன்று இமயமலை நிற்கும் இடத்தில் அன்று கடல் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

தமிழ்நாட்டிலேயே அம்மோனைட் ஏராளமாகக் கிடைக்கும் பகுதி உண்டு. திருச்சிக்கு வடக்கே ஊட்டத்தூர், காரை முதல் அரியலூர் வரையுள்ள நிலம், 100 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேய அதிகாரிகள் அங்கும் புதுச்சேரியிலும் விருத்தாசலத்திலும் புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். இருவரும் தொழில்முறைப் புவியியலாளர்கள் அல்லர். ஆயினும், மூன்று இடத்துக் கற்களையும் கலந்துவிடாமல் தனித்தனியாகவே லண்டனுக்குக் கொண்டுசென்றார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். சில அம்மோனைட்டுகளுக்கு இந்திரா, பிரம்மா என்றுகூடப் பெயர் வைத்தார்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். மூன்றில் புதுச்சேரிப் படிவுகளே மிகப் பழையவை என்று ஃபோர்ப்ஸ் கணித்தார். அது தவறு. பின்னர் நடந்த ஆய்வுகள், அவை கிரெட்டேசியக் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை என்று காட்டின. மற்றவர்கள் அதே இடங்களுக்குச் சென்று, அதே அடுக்குகளைத் தேடி, ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததால்தான் அந்தத் தவறு திருத்தப்பட்டது. மூன்று ஊர்க் கற்களும் ஒரே பெட்டியில் கலந்து போயிருந்தால், எது சரி, எது தவறு என்று பேசவே வழி இருந்திருக்காது. அறிஞரின் முடிவு மாறலாம்; சேகரித்தவரின் குறிப்பு சரியாக இருந்தால் அடுத்தவர் அங்கிருந்து தொடரலாம். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்ற பெயர்களாலேயே அந்தப் பாறைத் தொகுதிகளைப் புவியியல் நூல்கள் இன்றும் குறிப்பிடுகின்றன.

“அப்படியானால் யாருமே எதையும் தொடாமல் விட்டுவிடலாமே” என்று சிலர் சொல்வார்கள். அதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் நிறைய உள்ளன. எடுக்காமல் விட்ட ஓடு, கல்லோடு சேர்ந்து அரைபட்டுச் சூளைக்குள் போகும். வெயிலும் மழையும் மீதியைக் கரைக்கும். இன்று அரியலூருக்கு அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. யாரோ குனிந்து எடுத்திராவிட்டால் அங்கே வைக்க என்ன இருந்திருக்கும்?

செமினியில் அம்மோனைட் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. புரோகா குன்றில் நீங்கள் ஏறி நின்று படம் எடுக்கும் பாறை கருங்கல். பூமிக்கடியில் உருகிய குழம்பு குளிர்ந்து உண்டானது. அதில் கடலுயிரிக்கு இடமில்லை. பத்துமலையின் சுண்ணாம்புக்கல் பழைய கடலில் உருவானதுதான். ஆனால், வெப்பமும் அழுத்தமும் அதைப் பளிங்காக மாற்றியபோது அதிலிருந்த ஓடுகள் பெரும்பாலும் உருத்தெரியாமல் போயின. நம் நாட்டில் பகாங், கிளந்தான் மாநிலங்களின் டிரையாசிக் காலப் பாறைகளில் அம்மோனைட்டின் மூத்த உறவினங்கள் கிடைத்துள்ளன. பெர்லிஸின் கம்போங் குவார் ஜெந்திக்கில் மண் எடுப்பதற்காகக் குன்றுகளை வெட்டியபோது, இன்னும் பழைய டிரைலோபைட்டுகள் வெளிப்பட்டன. அரியலூரின் கதை இங்கும் பொருந்துகிறது: வெட்டினால்தான் தெரிகிறது, வெட்டிக்கொண்டே போனால் காணாமல் போகிறது.

சில பள்ளிகளின் அறிவியல் கூட அலமாரிகளில் ‘புதைபடிவம்’ என்று மட்டும் எழுதிய கற்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றைக் கொண்டு வடிவத்தைக் காட்டலாம். எந்தக் கடல், எந்தக் காலம் என்று ஒரு மாணவர் கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்காது.

எனவே, விடுமுறையில் எங்காவது பாறையில் ஓட்டின் சுவட்டைக் கண்டால் இப்படிச் செய்யுங்கள். முதலில் அருகில் ஒரு 20 சென் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். கைப்பேசி காட்டும் இட அளவைகள், நாள், உங்கள் பெயர், கல் உதிர்ந்து கிடந்ததா பாறையில் பதிந்திருந்ததா என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பதிந்திருப்பதைப் பெயர்க்காதீர்கள், ஆசிரியர் மூலம் கனிமவள, புவி அறிவியல் துறைக்குத் தெரிவியுங்கள். உதிர்ந்ததை எடுப்பதானால் நில உரிமையாளரிடம் கேளுங்கள். கல்லுக்கும் குறிப்புக்கும் ஒரே எண் கொடுங்கள். காப்புக் காட்டிலும் லங்காவி போன்ற புவிப்பூங்காக்களிலும் அனுமதியின்றி எதையும் எடுக்க வேண்டாம். கல்லுடைப்பு இடங்களுக்கும் வெட்டிய சரிவுகளுக்கும் தனியே போகவே கூடாது.

தொடங்குவதற்கு அம்மோனைட் தேவையில்லை. மோரிப் கடற்கரையில் பொறுக்கும் சிப்பிக்கும் இதே முறையில் எண்ணும் இடமும் நாளும் எழுதிப் பழகலாம். ஈப்போவிலுள்ள புவியியல் அருங்காட்சியகத்துக்குச் சென்றால், கற்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவற்றின் கீழே உள்ள சிறிய அட்டைகளையும் படியுங்கள்.